துணிக்கு வலிக்காது

அன்று வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சலூன் விடுமுறை நாட்களில், கதவுச் சத்தம் கேட்டதுமே அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுகிற மனிதர். இரண்டு கைகளாலும் மடியை மூடிக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய் மூஞ்சி கழுவிட்டு வா."

"கையை எடுங்க, பார்க்கலாம்."

எடுத்தார். மடியில் ஒரு வெள்ளைத் துணி. அதில் பாதி இதழோடு ஒரு நீலப் பூ. துணியைப் பிடித்து நான் தூக்கினேன். கூடவே அவருடைய பேன்ட்டும் எழும்பி வந்தது. பூப் போடுகிறேன் பேர்வழி என்று துணியையும் பேன்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். எழுந்தால் பூ கிழியும், எழாவிட்டால் டீ கிடையாது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ, பாவம்.

நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சு முடிச்சிட்டேன்னா அந்தக் கத்தரிக்கோலை எடுத்துக் குடு."

அவருடைய கத்தரிக்கோலை என்னைத் தொட விட்டதே அன்றைக்குத்தான். அதுவரை அதை எடுத்து ஒரு பால் பாக்கெட் வெட்டினால்கூட வீடு இரண்டாகிவிடும்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்று இருக்கிறது. முதல் நாற்காலி அவருடையது. இரண்டாவது நாற்காலி என் தம்பியுடையது. தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முடி வெட்டுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கலாம், ஷேவிங்கில் கிடையாது. அவர் கத்தி பட்ட கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அவர் காதில் விழாத மாதிரி நடிப்பார், ஆனால் அன்று வீட்டுக்கு வந்து கூடுதலாகச் சாப்பிடுவார்.

நான் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை தகர டப்பா ஆகிவிட்டது. பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த பொறுமை மொத்தத்தையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

சலூனுக்கு நேர் எதிரே ஒரு தையல் கடை. அதை நடத்துகிற பெண் சாயங்காலங்களில் எம்பிராய்டரி வகுப்பு எடுக்கிறாள். அந்தப் பேன்ட் கூத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் திடீரென்று சொன்னார்.

"நான் எதிர்க்கடைல எம்பிராய்டரி கத்துக்கப் போறேன்."

"யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"சும்மாதான். சாயங்காலம் கடைல கூட்டமே இல்ல."

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான் இருக்கும். சாயங்காலம்தான் சலூனில் நிற்க இடம் இருக்காது. ஆனாலும் நான் துருவிக் கேட்கவில்லை. ஆண்களுக்கு ஒரு வயதுக்கு மேல் இப்படி ஏதாவது கிறுக்குப் பிடிக்கும். சிலர் புறா வளர்க்கிறார்கள், இவர் பூப் போடுகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தெரு விடுமா? பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டு, "எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கோ, அங்க எல்லாம் சின்னச் சின்னப் பொண்ணுங்க" என்றாள். "அவர் மூஞ்சியை நீ இன்னும் சரியா பார்க்கல" என்று சொல்லி அனுப்பினேன். தம்பிதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"மாமாவுக்கு என்னக்கா ஆச்சு? நான் ஒத்தை ஆளா அத்தனை தலையையும் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவரு என்னடான்னா பொண்ணுங்க நடுவுல உட்கார்ந்து இலை போட்டுக்கிட்டு இருக்காரு."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டான். அதுதான் எனக்கு உறுத்தியது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பிள்ளை அவன். மறுநாள் பழைய சட்டை ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் தையல் கடைக்குப் போனேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் இஸ்திரி மேஜை, மூலையில் துண்டுத் துணிகள் திணித்த மூட்டை, தரையெல்லாம் நூல் சிக்கல். இரண்டு பெஞ்சுகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் மர வளையத்தில் இறுக்கிய துணி. நடுவில் என் வீட்டுக்காரர், வெளுத்த சட்டையும் தோளில் ஒரு சின்னத் துண்டுமாக. நான் வாசல் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"அங்கிள், இன்னிக்கு இலைதான்" என்று தையல்காரப் பெண் அவர் துணியில் பேனாவால் ஒரு இலை வரைந்து கொடுத்தாள்.

"சரிங்க டீச்சர்."

இவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பக்கத்தில் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். துணியை மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல், சுத்தமாகத் துடைத்தார்.

"ஐயையோ அங்கிள்!"

அது தண்ணீர் பட்டால் அழிகிற பேனாவாம். தைத்து முடித்த பிறகு கோடு தெரியக் கூடாது என்பதற்காக அதில்தான் வரைவார்களாம். இலை போன இடம் தெரியவில்லை. பெஞ்சு மொத்தமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"முதல்ல நனைக்கணும்ல டீச்சர்? காஞ்ச தோல்ல யாராவது கத்தி வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது. அவரும் சிரித்தார்.

துணி காய்ந்ததும் அவள் மறுபடி வரைந்து, வளையத்தை நீட்டினாள். இவர் வேண்டாம் என்றார். இடது கைக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் துணிமேல் வைத்து, கன்னத்தை இழுத்துப் பிடிப்பது போலவே இழுத்துப் பிடித்தார். அவள் விரலால் சுண்டிப் பார்த்தாள். துணி மேளம் மாதிரி விறைத்து நின்றது.

"பாருங்கடி. ஃப்ரேமே இல்லாம. எனக்கே இப்படி வராது."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கிண்டல் அடிக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் வலது கையில் ஊசியை எடுத்தார்.

ஊசி துணியை நோக்கி வந்தது. தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றது. அதன் முனை நடுங்கியது. அவர் குத்தவில்லை, அப்படியே மூச்சை அடக்கிக் காத்திருந்தார். பிறகு குத்தி, நூலை இழுத்தார். அடுத்த தையலுக்குக் கை போனது, மறுபடி நடுங்கியது, மறுபடி நின்றது. பக்கத்துப் பெண் ஒரு இலையை முடித்து அடுத்த இலைக்குப் போய்விட்டாள். இவர் காத்திருந்தார்.

எதற்கோ நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். உடனே ஊசியைத் துணியில் செருகிவிட்டு, வலது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். கொண்டுபோன பழைய சட்டையோடு அப்படியே தெருவைக் கடந்து சலூனுக்குப் போனேன்.

அங்கே பெஞ்சில் வாத்தியார் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரரின் மிகப் பழைய வாடிக்கையாளர். எப்போதும் பளபளவென்று இருக்கிற முகத்தில் வெள்ளைத் தாடி முளைத்துக் கிடந்தது.

"என்ன சார், தாடியெல்லாம்?"

"புது ஃபேஷன்மா" என்றார். அன்று என்னவோ கூட்டம் இல்லை, இரண்டாவது நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சீப்பைத் துடைத்தான், கண்ணாடியைத் துடைத்தான், துடைக்க வேறு எதுவும் இல்லாமல் போனதும் சொன்னான்.

"ஒருநாள் சாருக்கு ஷேவிங் பண்ணிக்கிட்டு இருந்தாரு. காதுக்குக் கீழ கத்தி பட்டுடுச்சு. பெருசா ஒண்ணுமில்லக்கா. சாரே, 'கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு'ன்னு சொல்லிட்டாரு. ஆனா மாமா மூஞ்சியைப் பார்க்க முடியல. அன்னிலேர்ந்து கத்தியைத் தொடல. முடி மட்டும் வெட்டுறாரு. ஷேவிங்னு யாராவது வந்தா என் நாற்காலிக்குத் தள்ளிடுறாரு. கை ஆடுதுக்கா."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு."

"சார் ஏன் உங்கிட்ட பண்ணிக்கல?"

அவன் தலையைச் சொறிந்தான். "என் கத்தி கீறுதாம். மாமா கை சரியாகட்டும், அதுவரைக்கும் தாடி இருக்கட்டும்னு சொல்றாரு."

அது என்னவோ உண்மைதான். தம்பிக்கு வேகம் அதிகம். 'உன் கத்தி ஓடுது, உன் இடது கை தூங்குது' என்று இவர் அவனைத் திட்டாத நாள் இல்லை. தோலை இழுத்துப் பிடிக்காமல் கத்தி போட்டால் யார் கத்தியும் கீறத்தான் கீறும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கை நடுங்குகிறவர், கால் நடுங்குகிறவர் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நாள் முழுக்க டோக்கன் கிழித்துக் கொடுப்பவள் நான். என் வீட்டிலேயே ஒருவர் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு திரிகிறார், எனக்குத் தெரியவில்லை. சோறு போடும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"நாளைக்கே டோக்கன் போடறேன். வந்து டாக்டரைப் பாருங்க."

அவர் எனக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. "இப்ப வேணாம்" என்றார்.

"ஏன்?"

"டாக்டர் என்ன சொல்வாரு? கத்தியைத் தொடாதேன்னு சொல்வாரு. அதை இன்னொருத்தர் வாயால கேட்கறதுக்கு முன்னாடி எனக்கே தெரியணும்."

"அதுக்கு எம்பிராய்டரியா?"

"வேற எதுல பார்க்கறது? ஆளுங்க கன்னத்துலயா? துணிக்கு வலிக்காது."

அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அவரே மெதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு இலை. நூல் ஓரத்துல எங்கயும் பிசிறாம, கோட்டைத் தாண்டாம, முழுசா அடைச்சுத் தைச்சிட்டேன்னா கத்தியை எடுப்பேன். வரலைன்னா விட்டுடறேன். எப்படி ஆனாலும் அதுக்கப்புறம் உன் டோக்கன். சரியா?"

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இலையுதிர் காலம்தான். சாயங்காலம் வகுப்பில் தைத்தது போதாதென்று காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் தைத்தார். முதலில் வந்த இலைகளைப் பார்த்தால் புழு அரித்தது போல இருக்கும். அவற்றை அவர் தன் தொழில் கணக்கிலேயே திட்டுவார். "சே, பின்கழுத்துல படி விழுந்துடுச்சு" என்பார். "இந்தப் பக்கம் கிருதா ஏறிடுச்சு" என்பார். பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். துணிக்கு வலிக்கவில்லை, அவர் விரலுக்கு வலித்தது. வெள்ளைத் துணியில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். அதை நான் பார்ப்பதற்கு முன் துவைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரி வாசல் மரத்திலிருந்து நிஜ இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். என்னால் முடிந்த உதவி அதுதான். மற்றபடி அவர் ஊசியை எடுத்தால் நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். 'தைத்துவிட வேண்டும், தைத்துவிட வேண்டும்' என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னலில் டோக்கன் கிழிக்கும்போதுகூட அந்த இலை நினைப்புதான். வாத்தியார் தாடி அவர் சட்டையின் முதல் பொத்தானை மறைக்க ஆரம்பித்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் நூலை முடிச்சுப் போட்டு வெட்டினார். துணியை என் கையில் வைத்தார்.

இலை வந்திருந்தது. வெளியே கரும்பச்சை, உள்ளே இளம்பச்சை, நடுவில் ஒரு நரம்பு. நூல்கள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. ஓரம் கத்தியால் வழித்தது போல இருந்தது. விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் இடறவில்லை.

"வந்துடுச்சுங்க!" என்று டோக்கன் ஜன்னல் குரலில் கத்தினேன். "இருங்க, தம்பியைக் கூப்பிடறேன். சாரை வரச் சொல்லலாம். கத்தியை எடுங்க!"

அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அது என்னைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு.

"நல்லா இருக்குல்ல?"

"நல்லாவா? டீச்சராலகூட இப்படித் தைக்க முடியாது."

"எப்படித் தைச்சேன்னு பார்த்தல்ல? கை ஆடும். நான் நிறுத்திடுவேன். அது அடங்கற வரைக்கும் ஊசி காத்துக்கிட்டு இருக்கும். அடங்கினதும் குத்துவேன். இலை முழுக்க அப்படித்தான். கை சரியாகல, எனக்குக் காத்துக்கிட்டு இருக்கத் தெரிஞ்சுடுச்சு. அவ்வளவுதான்."

"அப்ப கத்தியையும் அதே மாதிரி..."

"கன்னத்துல சோப்பு காஞ்சு போயிடும்மா. அதுவும் இல்லாம, ஓடற கத்தியைப் பாதியில எங்க நிறுத்தறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இலை கோணல்மாணலாக வந்திருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. எவ்வளவு அழகாக இருந்தது அது! அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அதை மெதுவாக என்னிடமிருந்து வாங்கி, ஈரம் படாத இடத்தில் வைத்தார்.

"டோக்கன் போட்டுடு" என்றார். "அதுக்கு முன்னாடி சாருக்கு ஒரு வழி பண்ணணும். பாவம், மனுஷன் அரிப்புல தூங்க மாட்டாரு."

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் நானும் சலூனில் போய் நின்றேன். வாத்தியார் முதல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இவர் தாடியைக் கத்தரிக்கோலால் குறைத்தார். துண்டை வெந்நீரில் நனைத்து ஒற்றினார். பிரஷ்ஷை எடுத்து நுரை போட்டார். கை ஆடியது. "நுரை போடறதுக்கு இந்தக் கை முன்னைவிட நல்லா இருக்கு சார்" என்றார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

பிறகு கத்தியை எடுத்து விரித்தார். தம்பி பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தை நிறுத்தினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, கைப்பிடியை முன்னால் வைத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"மாப்ள, வா."

வாத்தியார் கண்ணைத் திறந்தார். "மாஸ்டர், நான் இத்தனை நாள் தாடி வளர்த்தது இவன்கிட்ட குடுக்கறதுக்கா?"

"கத்திதான் சார் அவன் கைல. பிடிக்கறது நான்."

இடது கட்டை விரலைக் கன்னத்தில் வைத்து இழுத்தார். சுருக்கம் விழுந்த அந்தக் கன்னம் எதிர்க்கடையில் பார்த்த துணி மாதிரி விறைத்து நின்றது. தம்பியின் கத்தி அதன்மேல் இறங்கியது. "மெதுவா. இங்க முடி சுத்தி வளரும், மேலேர்ந்து வா. இரு, நான் நகர்த்திக்கறேன். இப்ப போடு." இவருடைய விரல் நகர நகர, கத்தி பின்னாலேயே போனது. காதுக்குக் கீழே வந்தபோது எல்லோருமே மூச்சை அடக்கினோம், கத்தி சத்தமில்லாமல் தாண்டிப் போயிற்று. இவர் வலது கை சும்மா பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாத்தியார் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காதுக்குக் கீழே தடவினார்.

"ஒரு கன்னத்துக்கு ரெண்டு பேரா? ராஜ உபசாரம்தான்" என்றார். "அடுத்த வாரமும் ரெண்டு பேரும் இருங்க."

தம்பி என்னைப் பார்த்து இளித்தான், கண் கலங்கியிருந்தது. இவர் துண்டை உதறி மடித்தார். வேலையை ஒழுங்காக முடித்த முகம் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

அதே வாரம் அவருக்கு டோக்கன் போட்டேன். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமே வந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையிலிருந்து துணியை எடுத்தார், ஊசியை எடுத்தார். இந்தத் தடவை இலை இல்லை, விட்டுப்போன அந்த நீலப் பூ. டாக்டர் சொல்லப்போவதை முன்பே தெரிந்துகொண்டுவிட்டவர், வேறு என்ன செய்வார்?

அவர் நம்பரைக் கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், இந்தத் தடவை தகர டப்பா முழுக் குரலில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மடியைக் கையால் மூடிக்கொண்டு, அதே திருட்டு முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார். "சேர்த்துத் தைச்சிட்டேன்."

வரிசை நிற்கும்போது அந்த ஜன்னலை விட்டு நான் எழுந்ததே கிடையாது. அன்று எழுந்து போனேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்து வலது கையால் என்னிடம் நீட்டினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கை நடுங்கியது. அவர் அதை ஒளிக்கவில்லை. நான் வாங்கிக்கொள்ளும் வரை நீட்டிக்கொண்டே இருந்தார்.

குனிந்து நூலை வெட்டிவிட்டேன். இரண்டு பேரும் உள்ளே போனோம்.